சட்டியும் அகப்பையும்
கன்ஷிராமின் ‘சம்ச்சா யுகம்’: கொல்லிமலையில் வைத்து ஒரு வாசிப்பு

நம் மேடைகளில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளச் சொற்களுக்குப் பஞ்சமே கிடையாது. கைக்கூலி, எடுபிடி, அல்லக்கை. கொஞ்சம் வடக்கத்திச் செய்தி தெரிந்தவர்கள் ‘சம்ச்சா’ என்பார்கள். கூட்டணிக்குப் போனவன் சம்ச்சா. போகாமல் தனியாக நின்றவன் ஓட்டைப் பிரிக்க வந்தவன், ஆகவே அவனும் எவனோ ஒருத்தனுக்குச் சம்ச்சா. ஆக மொத்தம் சம்ச்சா அல்லாத தலித் ஒருத்தரும் மிச்சமில்லை என்கிற நிலைக்கு வந்துவிட்டோம். இந்தச் சொல்லை வெறும் வசவிலிருந்து எடுத்து அரசியல் கருத்தாக மாற்றிய புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர்கள் மட்டும் ரொம்பக் குறைவு.

கன்ஷிராமின் ‘சம்ச்சா யுகம்’ 1982 செப்டம்பர் 24 அன்று வெளியானது. பூனா ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சரியாக ஐம்பது வருசம் முடிந்த நாள். அந்த நாளையொட்டிப் பூனாவில் தொடங்கி ஜலந்தர் வரைக்கும் ஒப்பந்தத்தைக் கண்டித்துக் கூட்டங்கள் நடத்தினார்கள். அந்தக் கூட்டங்களுக்காக எழுதப்பட்ட சின்னப் புத்தகம் இது. நான் இங்கிலீஷில்தான் படித்தேன். எளிமையான இங்கிலீஷ். அலங்காரம் கிடையாது. கணக்கு வாத்தியார் கரும்பலகையில் எழுதிப் போட்டமாதிரி ஒன்று, இரண்டு, மூன்று என்று போகிறது. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த மனுசர் இல்லையா, பகுத்துப் பகுத்து வைப்பது அவருக்குக் கை வந்த பழக்கம்.

இந்தப் புத்தகத்தைக் கொல்லிமலையில் வைத்து ஏன் படிக்க வேண்டும்? நான் கீழே சேந்தமங்கலம் பக்கத்துச் சேரிக்காரன். மேலே மலையாளிப் பழங்குடி மக்களோடு வன உரிமை மனு, சாதிச் சான்றிதழ் என்று அலைகிறவன். எனக்கும் அவர்களுக்கும் ஒரே சட்டமன்றத் தொகுதி: சேந்தமங்கலம், பழங்குடியினருக்கான தனித்தொகுதி. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடிக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே இரண்டு. ஒன்று ஏற்காடு, இன்னொன்று இது. 2008 தொகுதிச் சீரமைப்புக்கு முன்னால் உப்பிலியபுரமும் சேர்த்து மூன்று இருந்தன. பூனா ஒப்பந்தம் என்ன செய்தது என்று தலித்துகள் நாம் காலங்காலமாய்ப் பேசுகிறோம். அதே இயந்திரம் நம்மைவிடச் சின்னக் கூட்டத்தின் மேல் எப்படி ஓடுகிறது என்று பார்த்தால், அந்தப் புத்தகத்தின் பலமும் தெரிகிறது, ஓட்டையும் தெரிகிறது.

சொல்லின் பொருள்

சம்ச்சா என்றால் கரண்டி. தானாக எதுவும் செய்ய முடியாதது, எடுத்தவன் கைக்கு ஏற்ப இயங்குவது. கன்ஷிராம் இதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார். ஒரு கட்சியின் தொண்டனையும் சம்ச்சாவையும் குழப்பிக்கொள்ளாதே என்கிறார். தொண்டனுக்குச் சொந்தப் புத்தி உண்டு, அவன் ஒரு காரியத்துக்காக நிற்கிறான். சம்ச்சாவை எதிராளி உண்டாக்குகிறான், நம் ஆளுக்கு எதிராகவே நம் ஆளை நிறுத்துவதற்காக. ஆகவே உண்மையான போராளி எழும்போதுதான் சம்ச்சாவுக்குத் தேவை வருகிறது. போராளி இல்லாத இடத்தில் சம்ச்சாவுக்கு வேலையே இல்லை. புத்தகத்தின் கூர்மையான இடம் இது. சம்ச்சாக்கள் நிறைந்திருக்கிறார்கள் என்று நாம் புலம்புகிறோம். எங்கேயோ யாரோ பயந்திருக்கிறார்கள் என்பதற்கு அதுதான் அடையாளம் என்று அவர் சொல்கிறார்.

நம்ம ஊரில் கரண்டிக்கு முன்னால் அகப்பைதான். பேச்சில் ஆப்பை. “சட்டியில இருந்தாத்தான் ஆப்பையில வரும்” என்று எங்க ஆயா சொல்லும். இந்தப் பழமொழி கன்ஷிராமுக்குத் தெரிந்திருந்தால் புத்தகம் வேறு மாதிரி போயிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் அகப்பையைப் பற்றி ரொம்ப நுட்பமாக எழுதியிருக்கிறார். சட்டியைப் பற்றிக் கடைசிப் பக்கங்களில்தான் வருகிறார்.

பூனாவில் என்ன போச்சு

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு அறிவித்த வகுப்புத் தீர்ப்பு தாழ்த்தப்பட்டோருக்கு இரட்டை வாக்கைத் தந்தது. தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்க ஒரு ஓட்டு, பொதுத் தொகுதியில் மற்றவர்களோடு சேர்ந்து இன்னொரு ஓட்டு. காந்தி எரவாடா சிறையில் செப்டம்பர் 20 அன்று உண்ணாவிரதம் தொடங்கினார். நாலு நாள் கழித்து ஒப்பந்தம் கையெழுத்தானது. இடங்கள் ஏறத்தாழ இரட்டிப்பாயின, சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30. பதிலுக்குத் தனி ஓட்டு போனது. எண்ணிக்கை கூடியது, சொந்தம் போனது. அம்பேத்கர் இதை வாழ்நாள் முழுக்க ஆறாத புண்ணாக வைத்திருந்தார். கன்ஷிராம் அதிலிருந்துதான் சம்ச்சா யுகத்தின் பிறந்த தேதியைக் குறிக்கிறார்.

நம் தமிழ்நாட்டுக் கணக்கும் இதில் இருக்கிறது. வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்த ரெட்டமலை சீனிவாசன் தனித்தொகுதி கேட்டவர். எம்.சி. ராஜா 1932இன் தொடக்கத்திலேயே மூஞ்சேயோடு உடன்பாடு கண்டு கூட்டுத்தொகுதிப் பக்கம் போனவர். இருவரும் பூனாவில் கையெழுத்துப் போட்டார்கள். ஆறு வருசம் கழித்து, 1938இல், ராஜா சென்னை சட்டமன்றத்தில் கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்தார். முதலமைச்சர் ராஜாஜி அதை ஏற்கவில்லை. காங்கிரஸ் டிக்கெட்டில் வந்திருந்த தாழ்த்தப்பட்ட உறுப்பினர்கள் கட்சிக் கட்டளைக்கு அடங்கி மசோதாவுக்கு எதிராக நின்றார்கள். சம்ச்சா என்ற சொல்லுக்கு வடநாட்டுக்குப் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. தன் சனத்துக்குக் கோயில் கதவு திறப்பதற்கு எதிராகத் தன் சனத்தின் பிரதிநிதியே நிற்க வேண்டி வந்தது நம்ம சட்டமன்றத்தில்தான்.

ஆனால் பூனா ஒப்பந்தத்துக்குள் ஒரு சன்னல் இருந்தது. அதைப் பற்றி நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. அந்த ஒப்பந்தத்தின்படி தேர்தல் இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் தாழ்த்தப்பட்ட வாக்காளர்கள் மட்டும் ஓட்டுப்போட்டு நான்கு பேர் கொண்ட பட்டியலைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நால்வரில் ஒருவரைத்தான் எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க முடியும். பத்து வருசத்துக்கு இந்த ஏற்பாடு. 1945-46 தேர்தலில் பல இடங்களில் முதல் கட்டத்தில் அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு காங்கிரசை முந்தியது. கடைசிக் கட்டத்தில் எல்லோரும் ஓட்டுப்போட்டபோது ஒன்றிரண்டு இடம் தவிர எல்லாம் போச்சு. நம் சனம் யாரைக் கேட்டது, மற்றவர்கள் யாரைக் கொடுத்தார்கள் என்பது எண்களாகவே தெரிந்தது. 1950இல் அரசியல் சட்டம் வந்தபோது தனித்தொகுதி இருந்தது, அந்த முதல் கட்டம் இல்லை. இன்றைக்கு எந்தத் தனித்தொகுதியிலும் நம் சனம் யாரைக் கேட்டது என்று தெரிந்துகொள்ள வழியே கிடையாது.

மலையும் தொகுதியும்

கொல்லிமலை பதினாலு நாடு. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு என்று நாட்டுப் பெயரே ஊராட்சிப் பெயர். 2011 கணக்குப்படி மலையில் சுமார் 40 ஆயிரம் பேர். குழந்தைகளைக் கழித்துவிட்டுப் பாருங்கள், ஓட்டு எவ்வளவு தேறும்? தொகுதியின் மொத்த வாக்காளர்களோ இரண்டு லட்சத்துக்கும் மேலே. அதாவது மலை முழுக்க ஒரே ஆளுக்குக் கையைத் தூக்கினாலும் அவர் ஜெயிக்க முடியாது. மலை முழுக்க வேண்டாம் என்று சொன்ன ஆள் தாராளமாக ஜெயிக்கலாம். வேட்பாளர் பழங்குடியாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அவர் யார் என்பதைத் தீர்மானிப்பது கட்சிகளின் தலைமை. அவரை ஜெயிக்கவைப்பது கீழ்நாட்டு ஓட்டு.

குண்டூர் நாட்டில் ஒரு இளவட்டம், டிப்ளமோ படித்தவன், என்னிடம் இதை ஒரே வரியில் சொன்னான்: “யாரு ஜெயிச்சாலும் எங்க ஆளுதானுங்ண்ணா எம்மெல்லே. ஆனா எங்களுக்கு ஆளில்ல.” கன்ஷிராம் ஒரு அத்தியாயத்தில் சொன்னதை அவன் ஒரு மூச்சில் சொல்லிவிட்டான்.

கன்ஷிராம் சம்ச்சாக்களைச் சமூகவாரியாக வகைப்படுத்துகிறார். பட்டியல் சாதியினர் மனமில்லாமல் சம்ச்சாவாக்கப்பட்டவர்கள். இவர்கள் போராடிப் பெற்றதைப் பறித்து இந்தக் குழிக்குள் தள்ளினார்கள். பழங்குடியினர் பின்னால் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள், அதாவது அவர்களுக்குத் தீட்சை கொடுத்து உள்ளே அழைத்தார்கள். பிற்பட்டோர் சம்ச்சாவாக ஆசைப்படுகிறவர்கள். சிறுபான்மையோர் வேறு வழியில்லாதவர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழங்குடிக்கு அவர் ஒதுக்கிய இடம் ரொம்பக் கொஞ்சம். அவர்களுக்கென்று ஒரு போராட்டம் இருந்ததாகவோ, நிலமும் காடும் அவர்கள் அரசியலின் அடிப்படை என்பதாகவோ அவர் நின்று பேசவில்லை. தலித் வரலாற்றை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றவர்களை அதில் எவ்வளவு தூரம் என்று அளக்கிறார். கொல்லிமலையில் நின்றால் இந்த அளவுகோல் பத்தாது.

முதல் காரணம் நிலம். ஆந்திரா, ஒடிசா மாதிரி மாநிலங்களில் பழங்குடிப் பகுதிகள் அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் வருகின்றன. தமிழ்நாட்டில் ஒரு சாண் நிலம்கூட அந்த அட்டவணையில் இல்லை. ஆகவே கிராமசபைக்கு அதிகாரம் தந்த 1996ஆம் வருசத்து பெசா சட்டம் இங்கே செல்லாது. 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. பட்டா கொடுப்பதற்கு நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று 2008இல் உயர் நீதிமன்றம் போட்ட இடைக்கால ஆணையைச் சாக்காக வைத்து 2016 வரை தமிழ்நாட்டில் அந்தச் சட்டம் தூங்கியது. இந்த எட்டு வருசம் சட்டமன்றத்தில் பழங்குடித் தொகுதி உறுப்பினர்கள் உட்கார்ந்துதான் இருந்தார்கள். அகப்பை இருந்தது. சட்டியில் என்ன வந்தது?

இரண்டாவது காரணம் நாம். இதைச் சொன்னால் நம்மவர்கள் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. சேந்தமங்கலத்தில் மலையாளி மக்களின் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கிற கீழ்நாட்டு ஓட்டில் கொங்கு வெள்ளாளர் ஓட்டு மட்டும் இல்லை. பறையர் ஓட்டும் அருந்ததியர் ஓட்டும் அதில் இருக்கிறது. தனித்தொகுதியில் சாதி இந்துக்கள் நம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பது அநியாயம் என்று பேசுகிற நாம், இந்தத் தொகுதியில் இன்னொரு சனத்தின் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கிற இடத்தில் இருக்கிறோம். இயந்திரத்தில் நமக்கும் ஒரு பல்சக்கரம் கொடுத்திருக்கிறார்கள். கன்ஷிராமின் வகைப்பாட்டில் இதற்குப் பெயர் இல்லை. ஒடுக்கப்பட்டவர்கள் எல்லோரும் சேர்ந்தால் பெரும்பான்மை என்ற அவருடைய ‘பகுஜன்’ கணக்கு, சேர்ந்தவர்களுக்குள்ளே யார் யாருக்கு ஓட்டு எண்ணிக்கையால் மேலே என்பதைக் கேட்கவே இல்லை.

மலையிலும் எல்லாம் சமமாக இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்ற கதையும், கவுண்டர் என்ற பட்டமும், ஊர்க்கவுண்டர் நாட்டாண்மையும் மலையாளிகளிடம் உண்டு. நான் எந்தச் சாதி என்று தெரிந்த பிறகு திண்ணையோடு நிறுத்திய வீடுகளும் உண்டு, உள்ளே கூப்பிட்டுச் சாமைச்சோறு போட்ட வீடுகளும் உண்டு. பழங்குடி என்றால் சாதி இல்லாதவர் என்று ஆய்வாளர்கள் எழுதுவதைப் படித்தால் எனக்குச் சிரிப்பு வரும். அதற்காக அவர்களுடைய தனித்தொகுதி உரிமை குறைந்துபோகாது. நம்மை மதிக்கிறவனுக்கு மட்டும்தான் நியாயம் கேட்பேன் என்பது கொள்கை ஆகாது.

ஓட்டும் காசும்

கொள்கையா காரியமா என்ற பேச்சு வந்தாலே எல்லோரும் முதலில் ஏழை வாக்காளன் சட்டையைத்தான் பிடிக்கிறார்கள். காசு வாங்கி ஓட்டுப்போடுகிறான், அதனால்தான் நாடு கெட்டது. தேர்தல் நேரத்தில் ‘என் ஓட்டு விற்பனைக்கு அல்ல’ என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஊர்வலம் விடுகிறார்கள். செம்மேட்டுச் சந்தையில் ஒரு அம்மாவிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். பலாப்பழம் விற்றுக்கொண்டிருந்தவர், அறுபது வயசு இருக்கும். “ஓட்டு வாங்குனவன் எழுவது வளைவும் எறங்கிப் போயிருவான் சாமி. அப்பறம் நாம போயித்தான் பாக்கோணும். காசுன்னா மடியில இருக்குதில்ல?” என்றார். பிறகு, “கொள்கைன்னா அது எந்த பஸ்ல வருது?” என்று ஒரு கேள்வி கேட்டார்.

நான் இதை வேடிக்கைக்காக எழுதவில்லை. மலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறுகிற பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். கட்சிக்காரன் ஏறுகிற அதே பாதையில்தான் மரவள்ளிக் கிழங்கு லாரி இறங்குகிறது. தினையும் சாமையும் விளைந்த காட்டில் மரவள்ளி வந்து, கிழங்கு கீழ்நாட்டு ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. விலையை மலை தீர்மானிப்பதில்லை. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இதே மலையில் பாக்சைட் வெட்டினார்கள், அந்த விலையையும் மலை தீர்மானிக்கவில்லை. விளைச்சலுக்கும் மண்ணுக்கும் விலை சொல்ல முடியாதவர்கள், ஐந்து வருசத்துக்கு ஒருமுறை ஓட்டுக்காவது ஒரு விலை கேட்கிறார்கள். அந்த விலை அற்பமானது, வாங்கியவரை அடுத்த ஐந்து வருசத்துக்கு வாய் பேசவிடாமல் செய்வது. எல்லாம் சரி. ஆனால் அதை ஒழுக்கக்கேடு என்று பேசுவது, பசித்தவன் பந்தியில் முந்துவதைப் பார்த்து நாகரிகம் பேசுவது மாதிரி.

இந்த இடத்தில் கன்ஷிராமை நான் மெச்சுகிறேன். அவர் புத்தகம் ஏழை வாக்காளனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. தேர்தல் முறையை நிறுத்துகிறது, அந்த முறையால் பலனடைந்த படித்தவர்களை நிறுத்துகிறது. சம்ச்சாக்களின் பட்டியலில் அம்பேத்கரைப் படித்தும் சம்ச்சாவானவர்களுக்குத் தனி வகை வைத்திருக்கிறார். அறியாத சம்ச்சாவைவிட அறிந்த சம்ச்சா ஆபத்து என்பது அவர் கட்சி. வாக்காளனின் காரியவாதத்தையும் தலைவனின் காரியவாதத்தையும் ஒரே தராசில் போடக்கூடாது என்பதை நான் அங்கிருந்துதான் எடுத்துக்கொள்கிறேன். வாக்காளன் தன்னுடையதை விற்கிறான். தலைவன் விற்பது அவனை நம்பி அடிபட்டவர்களுடையதை.

எழுதியவரும் நடந்தவரும்

சரி, எழுதியவர் என்ன செய்தார்? புத்தகம் வந்து இரண்டு வருசத்தில், 1984 ஏப்ரல் 14 அன்று, பகுஜன் சமாஜ் கட்சி பிறந்தது. 1993இல் உத்தரப்பிரதேசத்தில் முலாயம்சிங் கட்சியோடு கூட்டு. 1995 ஜூனில் அது முறிந்து, பாரதிய ஜனதாவின் ஆதரவோடு மாயாவதி முதலமைச்சர். 1996இல் காங்கிரசோடு உடன்பாடு. 1997லும் 2002லும் மறுபடியும் பா.ஜ.க. ஆதரவு. வலுவான அரசைவிட, நம் தயவில்லாமல் நிற்க முடியாத அரசுதான் நமக்கு நல்லது என்று கன்ஷிராம் வெளிப்படையாகவே சொன்னவர். சம்ச்சா யுகத்தை எழுதியவர் சம்ச்சா யுகத்துக்குள்ளேயே போய்விட்டார் என்று நம் தோழர்கள் பலர் தீர்ப்பெழுதினார்கள்.

நான் அப்படி ஒரே கோட்டில் அடித்துவிட மாட்டேன். 1995இல் அந்த நாலரை மாச ஆட்சியில் என்ன நடந்தது? பா.ஜ.க. முகம் சுளிக்க, லக்னோவில் பெரியார் மேளா நடந்தது. அம்பேத்கர் கிராமத் திட்டம் சேரிகளுக்குப் போனது. ஆதரவு கொடுத்தவனுக்குப் பிடிக்காததைச் செய்ய முடிந்தது. அப்போது கரண்டி யார் கையில் இருந்தது? எடுத்தவன் கையைச் சுட்டது அந்தக் கரண்டி. அக்டோபரில் ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். 2002க்கு வாருங்கள். அந்த வருசம் பிப்ரவரியிலிருந்து குஜராத்தில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். டிசம்பரில் அதே குஜராத்துக்குப் போய் மாயாவதி பா.ஜ.க.வுக்கு ஓட்டுக் கேட்டார். 1995இல் கூட்டு நம் சட்டியில் எதையோ போட்டது. 2002இல் சட்டியில் இருந்ததை எடுத்து அடுத்தவன் இலையில் வைத்தது. இரண்டும் ஒரே கட்சியோடு செய்த கூட்டுத்தான். கூட்டு வைத்தாயா இல்லையா என்ற கேள்வியே தப்பு என்பது இதனால்தான். யார் காரியத்தை யார் செய்தார்கள் என்று கேட்க வேண்டும்.

2007இல் தனிப்பெரும்பான்மையோடு 206 இடம் பெற்ற கட்சி, 2022இல் அதே உத்தரப்பிரதேசத்தில் ஒரே ஒரு இடத்துக்கு வந்து நின்றது. 2024 மக்களவையில் ஒன்றும் இல்லை. ஏன் என்பதற்கு ஆயிரம் பேர் ஆயிரம் காரணம் சொல்வார்கள். கன்ஷிராம் தன் புத்தகத்தின் கடைசிப் பகுதியிலேயே ஒரு காரணத்தை எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பேன். தீர்வை அவர் மூன்றாகச் சொல்கிறார்: உடனடித் தீர்வு சமூகச் செயல்பாடு, நீண்டகாலத் தீர்வு அரசியல் செயல்பாடு, நிலைத்து நிற்கிற தீர்வு பண்பாட்டு மாற்றம். கட்சி நடுவில் இருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டது. முதலாவதையும் மூன்றாவதையும் அரசு பார்த்துக்கொள்ளும் என்று விட்டது. அரசு கையைவிட்டுப் போனபோது ஊரில் ஒன்றும் மிச்சமில்லை.

நம்ம கணக்கு

தமிழ்நாட்டுக்கு வருவோம். ‘தேர்தல் பாதை திருடர் பாதை’ என்று சுவரெழுத்து எழுதிய கைகள் பல நம் சேரிகளில் உண்டு. தொண்ணூறுகளில் தேர்தலைப் புறக்கணித்த விடுதலைச் சிறுத்தைகள் 1999இல் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரசோடு சேர்ந்து களம் இறங்கினார்கள். 2001இல் தி.மு.க. கூட்டணி, திருமாவளவன் மங்களூரில் உதயசூரியன் சின்னத்தில் வென்று 2004இல் அந்தப் பதவியைத் துறந்தார். 2006இல் அ.தி.மு.க. கூட்டணி. 2009 தொடக்கத்தில் ஈழத்துக்காக உண்ணாவிரதம் இருந்தவர், அந்த வருசமே காங்கிரஸ் இருந்த அணியில் நின்று சிதம்பரத்தில் வென்றார். 2019இல் அதே சிதம்பரத்தில் பானைச் சின்னத்தில் 3,219 ஓட்டில் வெற்றி. விழுப்புரத்தில் ரவிக்குமார் உதயசூரியனில் வெற்றி. 2024இல் இருவருமே பானையில்.

2009ஐ நியாயப்படுத்த என்னால் முடியாது. முள்ளிவாய்க்காலில் சனம் செத்துக்கொண்டிருந்த மாசத்தில் அந்த மேடை ஏறியதற்கு ‘வேறு வழியில்லை’ என்பது பதில் ஆகாது. ஆனால் உதயசூரியனிலிருந்து பானைக்கு வந்த தூரத்தைக் கேலி செய்கிறவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. சின்னம் என்பது வெறும் படம் கிடையாது. அடுத்த கட்சிச் சின்னத்தில் ஜெயித்தவர் சட்டப்படி அந்தக் கட்சி உறுப்பினர். 1985ஆம் வருசத்துக் கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி அந்தக் கட்சிக் கொறடா சொன்னபடி கை தூக்க வேண்டும். 1938இல் ராஜாவின் மசோதாவுக்கு எதிராக நம்மவர்களை நிறுத்தியது கட்சிக் கட்டளைதான். 1985க்குப் பிறகு அந்தக் கட்டளைக்குச் சட்டப்பாதுகாப்பும் வந்துவிட்டது. கன்ஷிராம் புத்தகம் 1982இல் வந்ததால் இது அதில் இல்லை. இன்றைக்கு அதை மறுபதிப்புப் போட்டால் ஒரு அத்தியாயம் சேர்க்க வேண்டும்: இரவல் சின்னம். சொந்தச் சின்னத்தில் நிற்பது கொள்கையின் முழு வடிவம் ஆகாது. கொள்கை இருந்தால் அதைச் சபையில் பேசுவதற்கான குறைந்தபட்ச ஏற்பாடு அது.

புத்தகத்தில் இல்லாதவர்கள்

கன்ஷிராம் சம்ச்சாக்களை எத்தனையோ வகையாகப் பிரித்தார். வெளிநாட்டில் இருக்கிற சம்ச்சாவுக்குக்கூட வகை உண்டு. பெண்ணுக்கு இல்லை. 2016இல் தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று சட்டம் திருத்தினார்கள். மலையிலும் கீழேயும் பிரசிடெண்ட் அம்மா ஒருவர், ‘பிரசிடெண்ட் வீட்டுக்காரர்’ ஒருவர். நாற்காலி அம்மாவுக்கு, கையெழுத்து அம்மாவுக்கு, பேச்சு அவருக்கு. தலித் ஆண் சாதி இந்துவுக்குச் சம்ச்சா ஆனதைப் பற்றி ஒரு புத்தகம் எழுத முடிகிற நமக்கு, நம் வீட்டுக்குள் நாம் யாரைக் கரண்டியாகப் பிடித்திருக்கிறோம் என்பது கண்ணில் படவில்லை. பூனாவில் நம்மிடமிருந்து பறித்தது ‘நான் தேர்ந்தெடுக்கிற என் ஆள்’ என்ற உரிமை. அந்த உரிமையைப் பெண்ணுக்கு நாம் கொடுத்திருக்கிறோமா? தேர்தலன்று “எதுல குத்தணும்னு அவங்கப்பா சொல்லிட்டாரு” என்று சொல்லாத சேரி எத்தனை, மலை எத்தனை?

கொள்கை என்பது எது

கொல்லிமலை என்றால் தமிழ் படித்தவர்களுக்கு வல்வில் ஓரி நினைவுக்கு வருவான். செம்மேட்டில் சிலை இருக்கிறது. ஆடி மாசம் அரசு விழா நடக்கிறது. சங்கப்பாட்டில் மிச்சக் கதையும் இருக்கிறது. முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். இவன் கொல்ல, அவன் வாங்க, மலை கை மாறியது. மலையில் இருந்தவர்களைக் கேட்டதாக எந்தப் புலவரும் பாடவில்லை. கொடையைப் பாடினார்கள், வில்லைப் பாடினார்கள், மலையை யாரிடம் கேட்டுக் கொடுத்தாய் என்று பாடவில்லை. அன்றைக்கு மன்னர்கள் செய்ததை இன்றைக்குத் தொகுதிப் பங்கீடு செய்கிறது.

ஆகவே, கொள்கை என்றால் கூட்டணியே வேண்டாம் என்று ஒதுங்குவதும் கிடையாது, புறக்கணிப்பும் கிடையாது. இரண்டு லட்சம் ஓட்டில் சில ஆயிரம் ஓட்டு வைத்திருக்கிற மலையைப் பார்த்துத் தனித்து நில் என்பது சாகச் சொல்வது. கேட்காமல் கொடுக்கக்கூடாது என்பதுதான் கொள்கை. யாருடைய பெயரால் பேசுகிறோமோ அவர்களைக் கேட்ட பிறகு செய்கிற சமரசம் அரசியல். கேட்காமல் செய்கிறது வியாபாரம். கன்ஷிராம் இந்தக் கோட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்தார். சம்ச்சாவை உருவாக்குகிறவன் எதிராளி என்று அவர் எழுதியது சரி. நம் கட்சிக்குள்ளும் கேட்காமல் முடிவெடுத்தால் அங்கேயும் சம்ச்சா உருவாவான் என்பதை அவர் எழுதவில்லை. அவர் கட்சி அதை எழுதிக் காட்டியது.

ஒன்று செய்யலாம். பூனா ஒப்பந்தத்தில் இருந்து காணாமல் போன அந்த முதல் கட்டத்தை நாமே நடத்தலாம். அதற்குத் தடை எந்தச் சட்டத்திலும் இல்லை. கட்சிகள் வேட்பாளரை அறிவிப்பதற்கு ஆறு மாசத்துக்கு முன்னால் பதினாலு நாட்டு மக்களும் கூடி, ஊர்க்கவுண்டரும் ஆண்களும் மட்டும் இல்லாமல் பதினெட்டு வயசு நிரம்பிய பெண்கள் எல்லோரும் தனித்தனியாகச் சீட்டுப் போட்டு, நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கட்டும். எந்தக் கட்சியாக இருந்தாலும் இந்த நாலு பேரில் ஒருவரை நிறுத்து என்று சொல்லட்டும். கட்சிகள் கேட்காமல் போகலாம். அப்படியானால் மலை யாரைக் கேட்டது, கீழே இருந்து யாரைக் கொடுத்தார்கள் என்பதாவது 1945-46 மாதிரி எண்ணாகப் பதிவாகும். அந்தப் பட்டியலுக்கு ஆதரவாக முதலில் நிற்க வேண்டியவர்கள் கீழ்நாட்டுச் சேரி மக்கள். பூனாவில் நமக்கு நடந்ததை நாம் இன்னொருத்தருக்குச் செய்ய மாட்டோம் என்று காட்டுவதற்கு, அம்பேத்கர் படத்துக்கு மாலை போடுவதைவிடப் பெரிய காரியம் அது.

நம் 44 தனித்தொகுதிகளிலும் இதைச் செய்ய என்ன தடை என்று அடுத்து நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிவரும். கேட்கட்டும். ஒதுக்கீட்டுக் காலத்தை இப்போதைக்கு 2030 ஜனவரி வரை நீட்டித்து வைத்திருக்கிறார்கள். இன்னும் பத்து வருசம் வேண்டும் என்று அப்போதும் கோரிக்கை வைப்போம், வைக்கத்தான் வேண்டும். அதோடு சேர்த்து அந்த நாலு பேர் பட்டியலையும் திருப்பிக் கேட்போம். கன்ஷிராமின் புத்தகத்தை மூடும்போது எனக்குத் தோன்றியது இதுதான். சம்ச்சாக்களைத் திட்டி நாற்பது வருசம் ஆச்சு. திட்டுக்குப் பயந்து ஒரு சம்ச்சாவும் குறையவில்லை.